ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது? விதைப்புக்கு முன் கண்டறிய எளிய வழிகள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் வட்டாரங்களின் கரிசல் காட்டில் விவசாயிக்கு வாய்க்கும் வேலை நாட்கள் மிகக் குறைவு. மழைக்கு முன் மண் கல்லாக இறுகி, வெடித்துக் கிடக்கும். மழை நன்றாகப் பிடித்துவிட்டாலோ சேறு சக்கரத்தை விடாது. இரண்டுக்கும் நடுவில் மண் பக்குவப்படும் சில நாட்களில்தான் உழவும் விதைப்பும் முடிய வேண்டும். மானாவாரிப் பயிர்களுக்காக 1901-ம் ஆண்டு முதல் இயங்கி வரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், பருவமழைக்கு முன்பே விதையை மண்ணில் போட்டுவிடுவதை வற்புறுத்தி வருவதும் இதனால்தான். அந்த நாட்களில் வண்டி கொதித்து நின்றுவிட்டால், பழுது பார்க்கும் செலவோடு ஒரு பட்டமே கைவிட்டுப் போகும்.

இப்படி நிற்கும் வண்டிகளில் பல திடீரென்று நிற்பதில்லை. மாதக்கணக்கில் முன்னறிவிப்புச் செய்துவிட்டுத்தான் நிற்கின்றன. "நம்ம வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்கும், காலையில் ஒரு செம்பு ஊற்றிவிட்டால் போதும்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதுதான் அந்த முன்னறிவிப்பு.

வண்டி தண்ணீர் குடிப்பதில்லை. டீசல் எரிந்து தீரும், தண்ணீர் தீராது. ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையே அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. குறைகிறது என்றால் எங்கோ ஒரு வழியாக வெளியேறுகிறது என்று பொருள். அந்த வழி ஓர் இரப்பர் குழாயின் முனையாக இருக்கலாம். என்ஜினின் வயிற்றுக்குள்ளும் இருக்கலாம். முன்னதைச் சரிசெய்யக் கால் மணி நேரம் போதும். பின்னதைக் கவனிக்காமல் விட்டால் என்ஜினையே பிரிக்க வேண்டிவரும். எது என்று தெரியாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போவதுதான் தவறு. பழைய டீசல் ஜீப்பானாலும், நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரானாலும், மிளகாய் மூட்டை ஏற்றும் சரக்கு வண்டியானாலும் சோதனை முறை பெரும்பாலும் ஒன்றே.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

எல்லாக் குறைவும் கசிவு அல்ல. தண்ணீர் சூடானால் பெருகும். 10 லிட்டர் தண்ணீர், என்ஜின் வழக்கமாக வேலை செய்யும் சூட்டுக்கு வரும்போது சுமார் 300 மில்லி அளவுக்குப் பெருகிவிடும். பழைய ஜீப்புகளிலும் பல டிராக்டர்களிலும் சேமிப்பு பாட்டில் கிடையாது. கழுத்து வரை ஊற்றினால், பெருகிய தண்ணீர் சிறு குழாய் வழியாகத் தரையில் போய்விடும். மறுநாள் ஒரு டம்ளர் குறைந்திருக்கும். மறுபடி கழுத்து வரை ஊற்றுவோம். மறுபடி அதே டம்ளர் குறையும். இது நோயல்ல, நாம் அதிகமாக ஊற்றியதன் பலன். இத்தகைய வண்டிகளில் கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்தி ஊற்றுவது பொதுவான முறை. அதற்குப் பிறகும் மட்டம் இறங்கிக்கொண்டே போனால்தான் அது உண்மையான குறைவு.

இதை அறிய ஏழு நாள் கணக்கு எழுதுங்கள். தினமும் காலையில், என்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது, ஒரே சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். வரப்பில் சாய்ந்து நின்றால் மட்டம் பொய் சொல்லும். சுத்தமான குச்சி ஒன்றில் கோடு கிழித்து வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு ஊற்றினோம் என்பதைக் கால் லிட்டர் அளவையால் அளந்து எழுதுங்கள். முதல் நாள் எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன வேலை செய்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

இந்தக் கணக்கே பாதி நோயைச் சொல்லிவிடும். வண்டி இரண்டு மூன்று நாள் சும்மா நின்றபோதும் மட்டம் இறங்கியிருந்தால், குளிர்ந்த நிலையிலேயே ஒழுகும் கசிவு இருக்கிறது. நின்ற நாட்களில் குறையாமல், ஓடிய நாட்களில் மட்டும் குறைந்தால், சூட்டிலும் அழுத்தத்திலும் திறந்துகொள்ளும் கசிவு. ரோட்டில் ஓடும்போது ஒன்றுமில்லை, முன் சக்கர இயக்கத்தையும் போட்டுச் சின்ன கியரில் சேற்றில் இழுக்கும்போது மட்டும் குறைகிறது என்றால், மூடியையும் ஹெட் காஸ்கெட்டையும் சந்தேகிக்க வேண்டும். அந்த வேலையில் என்ஜின் கடுமையாக உழைக்கிறது. வண்டியோ நடைவேகத்தில் போகிறது. எதிர்காற்று கிடையாது. காற்றாடி ஒன்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது. ரோட்டில் மறைந்திருக்கும் குறை அங்கே தலைகாட்டும்.

மூடியிலிருந்து தொடங்குங்கள்

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைக்கக் கூடாது. அது ஒரு வால்வு. தண்ணீரை அழுத்தத்தில் அடைத்து வைப்பது அதன் வேலை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். அரை பார் அழுத்தம் கூடுதலாக இருந்தால் சுமார் 111 டிகிரி வரையிலும், ஒரு பார் இருந்தால் சுமார் 120 டிகிரி வரையிலும் கொதிக்காது. மூடியின் இரப்பர் வெடித்தோ, ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் இந்தப் பாதுகாப்புப் போய்விடும். தண்ணீர் சீக்கிரம் கொதித்து, சிறு குழாய் வழியே ஆவியாகவும் சொட்டாகவும் வெளியேறும். ஓடும்போதே காய்ந்துவிடுவதால் தரையில் அடையாளமும் இருக்காது.

மூடிக்கு உள்ளே இன்னொரு சிறு வால்வும் உண்டு. என்ஜின் ஆறும்போது காற்றையோ, பாட்டிலில் இருக்கும் தண்ணீரையோ அது உள்ளே விட வேண்டும். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால் அந்த வால்வு அடைத்துவிட்டது என்று அறியலாம்.

மூடியில் 0.9 அல்லது 13 என்பதுபோல் ஓர் எண் பொறித்திருக்கும். அழுத்தத்தின் அளவு அது. உங்கள் வண்டிக்குரிய எண்ணே போட வேண்டும். கிடைத்த மூடியைப் போடுவதும், துணியைச் சுற்றி இறுக்குவதும் ஆபத்து. அழுத்தம் அளவுக்கு மீறினால் ஹோஸோ ரேடியேட்டரோ வெடிக்கும். மூடி பழையதாகிவிட்டது என்றால் மற்றச் சோதனைகளுக்கு முன்பே புதியது போட்டு, இன்னும் ஏழு நாள் கணக்குப் பாருங்கள். குறைவு அதிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

வெளியே ஒழுகுகிறதா?

இரவில் என்ஜினுக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரியுங்கள். நான்கு மூலையிலும் கல் வையுங்கள். காலையில் எந்த இடத்தில் நனைந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலே தேடுங்கள். காற்றில் சொட்டு விலகி விழும்; குழாய் வழியே ஓடி வேறிடத்திலும் சொட்டும். ஆகவே நனைந்த இடத்தில் தொடங்கி மேல் நோக்கித் தேட வேண்டும்.

சூட்டில் கசியும் தண்ணீர் சொட்டாது, அங்கேயே ஆவியாகிவிடும். ஆனால் உப்பை விட்டுச் செல்லும். நம் கரிசல் பகுதியின் கிணறு, ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றின் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. அந்தத் தண்ணீரை ஊற்றிய வண்டிகளில் கசிவு இடத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். கூலண்ட் ஊற்றியிருந்தால் பச்சை அல்லது சிவப்புக் கறை காணும். என்ஜினைக் கழுவுவதற்கு முன்பே இந்த அடையாளங்களைப் பார்த்துவிடுங்கள். கழுவிவிட்டால் சாட்சி போய்விடும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை. ஹோஸ் முனைகளும் கிளாம்புகளும் முதலிடம். இரவுக் குளிரில் இரப்பரும் உலோகமும் சுருங்கும்போது ஒழுகி, என்ஜின் சூடானதும் தானே அடைபடும் கசிவு இங்கேதான் அதிகம். ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலும், வெடிப்புத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது வாட்டர் பம்ப். அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். பம்பின் சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்தத் துளை வழியே வடியும். அது வேண்டுமென்றே வைத்த துளை. பியரிங்குக்குள் தண்ணீர் போகாமல் காப்பது. "ஒழுகுகிறதே" என்று அதை அடைத்துவிடக் கூடாது. காற்றாடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து ஆட்டம் கண்டால் பம்பைக் கழற்ற வேண்டியதுதான்.

ரேடியேட்டரின் மேல், கீழ்த் தொட்டிகளின் பற்றவைப்பு, வடிகுழாய், என்ஜின் பிளாக்கின் பக்கங்களில் உள்ள வட்டத் தகட்டு அடைப்புகள் ஆகியவற்றையும் பாருங்கள். வரப்பிலும் ஓடையிலும் ஏறி இறங்கும் வண்டியில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ரேடியேட்டரைத் தாங்கும் இரப்பர்கள் போயிருந்தால் அந்த முறுக்கு முழுவதும் பற்றவைப்பில் விழுந்து கீறல் விடும். பற்றவைத்த இடமே திரும்பத் திரும்ப விட்டால், முதலில் தாங்கு இரப்பரைப் பாருங்கள். கூண்டுக்குள் ஹீட்டர் உள்ள வண்டியானால் முன் இருக்கையின் கால் பக்க விரிப்பு ஈரமாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உள்ளே போகிறதா?

வெளியே எங்கும் ஈரமில்லை, மூடியும் புதிது, ஆனாலும் குறைகிறது என்றால் தண்ணீர் என்ஜினுக்குள் போகிறது என்று கொள்ள வேண்டும். ஹெட் காஸ்கெட் புகைந்திருக்கலாம். ஹெட்டில் கீறல் இருக்கலாம். தண்ணீர் நேரடியாகத் தொடும் லைனர்கள் உள்ள என்ஜின்களில் லைனர் அடியிலுள்ள இரப்பர் வளையம் விட்டிருக்கலாம். லைனரிலேயே ஊசித் துளை விழுந்திருக்கலாம். டீசல் என்ஜினின் அதிர்ச்சியில் லைனரின் வெளிப்பக்கம் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைந்து இரும்பை அரிக்கும். மருந்துச் சரக்கு சேராத வெறும் தண்ணீரில் இந்த அரிப்பு வேகமாக நடக்கும். புதிய சரக்கு வண்டிகளில் புகையைக் குளிர வைக்கும் ஈ.ஜி.ஆர். கூலர் என்ற பாகம் உண்டு. அது உள்ளே விட்டாலும் தண்ணீர் சைலன்சர் வழியே போய்விடும்.

இதற்கான அடையாளங்களை விவசாயியே பார்க்கலாம்.

ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலும், ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தாலும் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. என்ஜினை ஓட்டவே கூடாது. சந்தேகமாக இருந்தால், வண்டி இரவு முழுதும் நின்ற பிறகு ஆயில் சம்பின் அடித் திருகைச் சிறிது மட்டும் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் தங்கியிருக்கும். முதலில் தண்ணீர் வந்தால் ஐயமே இல்லை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்ணெய்போல் படிந்திருப்பதை வைத்துப் பயந்துவிட வேண்டாம். மழைக்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் காற்றின் ஈரத்தாலும் அது வரும்.

சைலன்சர் புகையைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது வெள்ளைப் புகை வருவது இயல்பு. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், அதிலும் கூலண்ட் ஊற்றிய வண்டியில் இனிப்பு வாடை அடித்தால், தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது.

மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடங்களிலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே ஹோஸ் கல்போல் இறுகினால், உள்ளே புகுவது சிலிண்டரின் எரிவாயு. இரவு முழுதும் ஆறிய பிறகும் காலையில் ஹோஸ் இறுக்கமாகவே இருந்தாலும் இதே பொருள்.

இதையே இன்னும் திட்டமாகப் பார்க்கக் குமிழிச் சோதனை உண்டு. முழுதும் ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். அந்த பெல்ட்டில் ஓடும் பம்பானால் இப்போது தண்ணீர் சுற்றாது. என்ஜினை ஓட்டி, சிறிது வேகம் கொடுத்துத் தண்ணீரைப் பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் ஹெட் காஸ்கெட்டோ ஹெட்டோ விட்டிருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் இப்படி ஓட்டக் கூடாது. முகத்தைக் கழுத்துக்கு நேரே வைக்கவும் கூடாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. காலையில் செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் அரைச் சுற்றுச் சுற்றி "டொக்" என்று முட்டி நின்றால், மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். ஆட்களைக் கூட்டித் தள்ளவும் வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. வலிந்து சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மெக்கானிக்கை அழைத்து இன்ஜெக்டர்களைக் கழற்றிய பிறகே சுற்ற வேண்டும்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

"தண்ணீர் குறைகிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லாமல் ஏழு நாள் கணக்கைக் காட்டுங்கள். ஹெட்டைக் கழற்றும் முன் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிறு கைப் பம்பை ரேடியேட்டர் கழுத்தில் பொருத்தி, ஆறிய என்ஜினில் மூடியில் எழுதிய அழுத்தம் வரை அடித்துவிட்டு, கால் மணி நேரம் முள்ளைப் பார்ப்பார்கள். முள் இறங்கி, வெளியே ஈரமும் தெரிந்தால் இடம் கிடைத்துவிட்டது. முள் இறங்கியும் வெளியே ஈரமில்லை என்றால் கசிவு உள்ளே. ஹெட்டைக் கழற்றினால், அதன் முகம் வளைந்திருக்கிறதா என்று சமமட்டம் பார்த்து, கீறல் சோதனையும் செய்த பிறகே புதிய காஸ்கெட் போட வேண்டும். வளைந்த ஹெட்டில் புதிய காஸ்கெட் போடுவது ஓட்டைக் கூரைக்குள் புதுப் பாய் விரிப்பதுபோல்தான்.

செய்யக் கூடாதவை

சூடான என்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள். 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் மார்பையும் வேகவைத்துவிடும். ஹோஸைக் கையால் அழுத்த முடியும் அளவுக்கு ஆறட்டும். கொதித்து நின்ற என்ஜினில் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் கூடாது, ஹெட் கீறிவிடும்.

சூடு காட்டும் முள் ஏறவில்லையே என்று நம்பி ஓட்டாதீர்கள். தண்ணீர் மிகவும் குறைந்து, உணர்வுக் கருவி காற்றில் நின்றுவிட்டால் முள் குறைவாகவே காட்டும். என்ஜின் எரிந்துகொண்டிருக்கும், முள் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லும். முள்ளை நம்புவதைவிடக் காலையில் மட்டம் பார்ப்பதே மேல்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் வழக்கம் உண்டு. நடுக்காட்டில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அது ஒரு கைமருந்து, அவ்வளவே. அப்படியே விட்டுவிட்டால் கசிவோடு ரேடியேட்டரின் நுண்குழாய்களும் அடைபடும். வீடு வந்ததும் முழுதும் கழுவிவிட வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் மருந்தல்ல. அது போனால் என்ஜின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரமாகும்; டீசல் செலவும் தேய்மானமும் கூடும். கசிவு அப்படியே இருக்கும்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?

உப்புத் தண்ணீர் உள்ளே கல்லாகப் படியும். படிந்த கல் சூட்டைக் கடத்தாது. ஆகவே கிணற்றுத் தண்ணீரைத் தவிர்த்து, கம்பெனி சொல்லும் கூலண்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு, சொல்லிய விகிதத்தில் கலந்து ஊற்றுவதே முறை. "இங்கே பனியா உறைகிறது, கூலண்ட் எதற்கு?" என்று கேட்கலாம். உறையாமை நமக்குத் தேவையில்லைதான். ஆனால் துருவையும் லைனர் அரிப்பையும் தடுக்கும் சரக்கு அதில் இருக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. நிறம் ஒத்திருக்கிறது என்று வெவ்வேறு வகைக் கூலண்டுகளைக் கலக்க வேண்டாம். அவசரத்துக்குத் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால், சுத்தமாகப் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிடப் பல மடங்கு மேல்.

ஆனால் ஒன்று. எத்திலீன் கிளைகால் கலந்த கூலண்ட் இனிப்பாக இருக்கும், கடும் விஷம். வடித்த கூலண்டை வாளியில் திறந்து வைத்தால் ஆடு, மாடு, நாய் குடித்துவிடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் மூடி வைக்க வேண்டும். வாய்க்காலிலோ ஊருணிப் பக்கமோ கொட்டவே கூடாது. தரையில் சிந்தினால் தண்ணீர் விட்டுக் கழுவி மண் போட்டு மூடுங்கள்.

கசிவே இல்லாமல் சூடு மட்டும் ஏறினால், ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். சோளச் சருகும் கம்புப் பதரும் பஞ்சுத் தூசியும் தகடுகளுக்கிடையே அடைத்திருக்கும். காற்றையோ தண்ணீரையோ என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகச் செலுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். ஃபேன் பெல்ட்டின் தொய்வையும் சரிபாருங்கள்.

ஆடியில் பார்த்தால் ஐப்பசியில் நிற்காது

இவ்வளவையும் செய்ய ஏற்ற காலம் கோடை உழவு முடிந்து, விதைப்பு வேலை தொடங்காத ஆடி, ஆவணி மாதங்கள். ஏழு நாள் கணக்கு. புது மூடி போட்டு மேலும் ஏழு நாள். தேவையானால் பட்டறையில் ஒரு நாள். புரட்டாசி பிறக்கும் முன் எல்லாம் முடிந்துவிடும். மேகம் கூடிய பிறகு பட்டறைக்குப் போனால் அங்கே நமக்கு முன் பத்து வண்டிகள் நிற்கும்.

விதையைச் சோதித்து வாங்குகிறோம். கொழுவைக் காய்ச்சித் தீட்டுகிறோம். அந்த வரிசையில் ரேடியேட்டர் மூடியையும் சேர்த்துக்கொள்வோம். நாளைக் காலையிலேயே ஒரு நோட்டை எடுத்து முதல் வரியை எழுதிவிடுங்கள்: இன்று ஊற்றிய தண்ணீர் எவ்வளவு? அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த விவசாயியின் வண்டி மழை நாளில் காட்டில் நிற்காது.